அப்பாவின் வண்டிக்கு ஜெர்மன் நம்பர்

1

ஜெர்மனியிலிருந்து ஒரு காரை ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்படாத நம்மாளை நான் இங்கே பார்த்ததேயில்லை. ஊரிலிருந்து ஜெர்மனிக்குக் கார் கொண்டுவந்த பைத்தியம், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதுவும் என்ன கார்? அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசிடர். ஏற்காட்டில் டாக்சி ஸ்டாண்டில் போட்டு அப்பா ஓட்டிய வண்டி. மழைக்கு ஒழுகும், வெயிலுக்குச் சூடேறும், இடது பக்கக் கதவை இரண்டு தரம் அடித்தால்தான் சாத்தும்.

நேற்று அந்த வண்டியில் போகும்போது ஒரு மரலாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அதை எழுதத்தான் இன்றைக்கு நான் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் லாரி வரைக்கும் வர வேண்டுமானால் முதலில் வண்டி இங்கே வந்து சேர வேண்டும். அது லேசில் வந்து சேரவில்லை.

2

ஏற்காட்டுக்கு வெயில் காலத்தில் மட்டும் வந்து ஏரியில் படகு விட்டுப் போகிறவர்களுக்குப் பனியைப் பற்றித் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் மூட்டம் இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் மூக்கு வரைக்கும்கூடத் தெரியாது. விளக்கைப் போட்டால் இன்னும் மோசம், வெள்ளைச் சுவரில் வெள்ளை அடித்த மாதிரி ஆகிவிடும். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு இடது பக்க ரோட்டோரம் சுத்தமாகத் தெரியாது. அந்த ஓரத்துக்கு அப்பால்தான் பள்ளம்.

அதனால் இடது சீட்டில் உட்காருகிறவருக்கு ஒரு வேலை உண்டு. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ரோட்டோரத்து வெள்ளைக் கல்லைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா கேட்பார், "இருக்குங்களா?" ரோடு இருக்கிறதா என்று அர்த்தம். "இருக்குங்க" என்றால் வண்டி நகரும். "இல்லீங்க" என்றால் நிற்கும். "கொஞ்சம் ஒடிங்க" என்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்புவார். மலையில் டாக்சி ஓட்டிய எல்லாருமே இப்படித்தான் இறங்குவார்கள், ஏறுவார்கள்.

சும்மா இருக்கும்போது அப்பா என்னைக் கண்ணு என்பார், வாடி போடி என்பார், கோபம் வந்தால் கழுதை என்றும் சொல்வார். பனியில் மட்டும் ங்க போட்டுத்தான் பேசுவார். எனக்குப் பத்து வயசு. எனக்கு ஒரே சிரிப்பாக வரும். ஏனுங்கப்பா எனக்குப் போய் மரியாதை என்று ஒரு நாள் கேட்டேன். மரியாதை உனக்கில்லை, அந்த சீட்டுக்கு என்றார்.

அம்மா எனக்கு விவரம் தெரிவதற்குள் போய்விட்டாள். தம்பி சேவியர் சின்னவன். அதனால் சவாரி இல்லாமல் திரும்புகிற நாட்களிலெல்லாம் அந்த சீட்டு எனக்குத்தான். சவாரி இருந்தால் முன்னால் உட்கார்ந்த சவாரிக்கு அந்த வேலை. கீழேயிருந்து வருகிறவர்கள் பாதிப்பேர் அலறுவார்கள். ஒரு தடவை மெட்ராஸிலிருந்து கல்யாணமான புதுசில் ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளை முன் சீட்டில். அப்பா கேட்பதற்கெல்லாம் "இருக்கு சார், இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். நாலாவது வளைவில் அப்பாவுக்குச் சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தால், மனுஷன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறார். அப்பா வண்டியை ஓரங்கட்டி அவரைப் பின்னால் அனுப்பிவிட்டுப் பொண்ணை முன்னால் உட்கார வைத்தார். அந்தப் பெண் பட்டுப்புடவையோடு பாதி உடம்பை வெளியே நீட்டி, பிசிறில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாளாம். அந்தக் குடும்பம் நல்லா வந்திருக்கும் என்று அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

3

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு சேவியர் போன் பண்ணினான். அவன் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். வண்டி ஷெட்டில் கிடக்கிறது, பக்கத்துத் தலைச்சோலை ஊர்க்காரர் ஒருவர் இரும்புக்குக் கேட்கிறார், கொடுத்துவிடட்டுமா என்றான். வேண்டாம் என்று வாய் முந்திக்கொண்டது. அப்புறம் என்ன பண்ணுவதுங்கக்கா என்றான். இங்கே அனுப்பு என்றேன். ஜெர்மனிக்குங்களா என்று மூன்று தரம் கேட்டான்.

என் வீட்டுக்காரர் திருச்சிக்காரர், கணக்கான மனிதர். கப்பலுக்கு ஆகிற செலவில் இங்கே நல்ல கார் ஒன்று வாங்கலாம் என்றார். உண்மைதான். எவ்வளவு ஆயிற்று என்று யாரும் கேட்காதீர்கள், நானும் மறந்துவிட்டேன்.

விசாரித்ததில் தெரிந்தது இது. வெளிநாட்டு வண்டியை ஜெர்மனிக்குள் இறக்கினால் சுங்கவரி உண்டு. வாரிசுச் சொத்தாக வந்த வண்டிக்கு வரி இல்லை. ஆனால் வாரிசு என்று நிரூபிக்க வேண்டும், அதுவும் அவர்கள் சொல்கிற கெடுவுக்குள். வரி தீர்ந்தால் வண்டி ரோட்டில் ஓடலாம் என்று அர்த்தமில்லை. அதற்குத் தனியாக ஒரு பரிசோதனை. அதில் தேறினால்தான் நம்பர். தேறாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பு, இல்லையென்றால் உடைத்துப் போடு.

சேவியர் பாவம், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ்ஸிலேயே அலைந்தான். வண்டி டாக்சியாக ஓடியது, அதனால் முதலில் பெர்மிட்டை ஒப்படைத்துச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமானால் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். சொந்தக்காரரோ தேவாலயத்துக் கல்லறையில் இருக்கிறார். அதற்கு வாரிசுச் சான்றிதழ். அதற்கு இறப்புச் சான்றிதழ். அதில் அப்பா பெயர் ஒரு மாதிரி, வண்டிப் புத்தகத்தில் ஒரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு வாக்குமூலம். பிறகு, அக்காவுக்கு வண்டியைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சேவியர் ஒரு வாக்குமூலம். வண்டி நாட்டை விட்டுப் போகத் தடையில்லை என்று இன்னொன்று.

கடைசிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாராம், "ஏனுங்க, ஜெர்மனியில காருங்க கெடைக்காதுங்களா?"

ஹாம்பர்க் துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்தபோது, அங்கே நின்ற சுங்க அதிகாரியும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அச்சு அசலாக அதே கேள்வியைத்தான் கேட்டார். சேலத்தில் சேவியர் என்ன பதில் சொன்னானோ தெரியாது. நான், அப்பா வண்டி என்று மட்டும் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரையைக் குத்தினார். உள்ளே சீட்டுக்கடியில் இரண்டு காப்பிக் கொட்டை கிடந்தது, அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

4

வண்டி எங்கள் ஊருக்கு வந்தது. நாங்கள் இருப்பது தெற்கே, கருங்காடு என்கிற மலைப்பக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஏற்காட்டுச் சேர்வராயன் மலைதான், பக்கத்தில் போனால் இல்லை. கராஜ் வாசலில் வண்டியைப் பார்த்ததும் என் மகள் நிம்மி சொன்னது, "அம்மா, இது பழைய இரும்பு." ஜெர்மனில் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் ஜெர்மனில்தான் சொல்வாள்.

நிம்மிக்குப் பத்தொன்பது வயசு. சின்ன வயசில் தமிழ் பேசினாள். பள்ளிக்கூடம் போனதும் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வந்தது. அப்புறம் நானும் சோம்பேறித்தனமாக ஜெர்மனில் கேட்க ஆரம்பித்தேன். என் ஜெர்மனைக் கேட்டால் அவளுக்குக் கூச்சம். இந்த மொழியிலும் நீ, நீங்கள் என்று ஆளைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் பெரிய டாக்டரையும் நீ என்றுதான் கூப்பிடுவேன். கடையில் வைத்து அப்படிச் சொல்லிவிட்டால் நிம்மி எனக்குப் பின்னால் நின்று, அம்மா அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று மன்னிப்புக் கேட்பாள். ஒரு நாள், தயவுசெய்து என் தோழிகள் முன்னால் வாயைத் திறக்காதே என்றாள். நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அப்புறம் எங்களுக்குள் பேச்சு என்றால் சாப்பாடு, துணி, போன் பில், அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவளுக்கு மலைக்கு அந்தப்பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அக்டோபரில் போக வேண்டும். அங்கேயே ஒரு அறையும் பார்த்துவிட்டாள். சாமான்களோடு அம்பாசிடரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்தாள். அவள் அப்பா நடுவில் புகுந்து ஒரு சமாதானம் செய்தார். அக்டோபருக்குள் வண்டிக்கு நம்பர் கிடைத்தால் அம்மாவோடு வண்டி, கிடைக்காவிட்டால் ரயில். நிம்மி உடனே ஒத்துக்கொண்டாள். கிடைக்காது என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு அது வெறும் நம்பராக இல்லை. இவள் வீட்டை விட்டுப் போகிறாள். போனால் பண்டிகைக்கு வருவாள், வந்தால் விருந்தாளி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளை அந்த இடது சீட்டில் உட்கார வைத்து ஒரு மலை ஏறி இறங்கிவிட வேண்டும். அது நடக்காமல் போனால் நான் கப்பலில் கொண்டுவந்தது நிஜமாகவே பழைய இரும்புதான்.

5

பரிசோதனை நிலையத்தில் ஒரு பெரிய மீசைக்காரர். பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூன் மாதம் முதல் தடவை போனபோது பக்கம் பக்கமாகக் குறை எழுதினார். நம் நாட்டில் வண்டிகள் ரோட்டின் இடது பக்கம் போவதால் முன்விளக்கின் வெளிச்சம் இடது ஓரத்தைப் பார்த்து விழும். இங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள், அதே விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அதனால் விளக்கை மாற்று. சீட் பெல்ட் இல்லை, போடு. நாலு மூலையும் ஒன்றாக மினுக்குகிற அபாய விளக்கு இல்லை, போடு. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த மாடல் வண்டியின் அளவு, எடை, பிரேக் எல்லாம் சொல்கிற தொழில்நுட்பக் காகிதம் எங்கே? இந்த நாட்டில் அப்படி ஒரு வண்டி இருந்ததாகவே பதிவில்லை என்றார். இருக்கிறது, உன் கண் முன்னால் நிற்கிறது என்றேன். அவரையும் நீ என்று சொல்லிவிட்டேன். நிம்மி பக்கத்தில்தான் நின்றாள், முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பானட்டைத் திறந்தவர் உள்ளே கையை விட்டு ஒரு துணியைப் பிடித்தார். பெட்ரோல் பம்பைச் சுற்றிக் கட்டியிருந்த ஈரிழைத் துண்டின் கிழிசல். காய்ந்து கறுத்துப் போயிருந்தது. இது என்ன என்றார்.

எப்படிச் சொல்வது? சித்திரை, வைகாசி வெயிலில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஆளை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது பெட்ரோல் பம்ப் கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். அந்தக் காலத்தில் மலை ஏறுகிற எந்த வண்டிக்கும் அது நடக்கும். அப்போது பம்பில் துண்டைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவார் அப்பா. தண்ணீர் இல்லையென்றால் திருவிழாவுக்குப் போகிற யாராவது சொம்பை நீட்டுவார்கள். வண்டி ஆறட்டும் என்று சனம் இறங்கி ரோட்டோரமாக உட்கார்ந்து பலாச்சுளை தின்னும். அப்பா நடுவில் நின்றுகொண்டு எல்லாரிடமும் வம்பளப்பார். கிறிஸ்துவர்தான், ஆனால் சேர்வராயனுக்குப் போகிற சவாரிக்கு மாத்திரம் நேரம் காலம் பார்க்க மாட்டார்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு மெக்கானிக் ஜெர்மன் கிடையாது, ஆஸ்பத்திரி ஜெர்மன்தான் உண்டு. அதனால், மலை ஏறினால் இதற்குக் காய்ச்சல் வரும், ஈரத்துணி கட்டிக் காய்ச்சலை இறக்குவோம் என்றேன். மீசைக்காரர் என்னைப் பார்த்தார். இந்த நாட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கெண்டைக்காலில்தான் ஈரத்துணி சுற்றுவார்கள். என் அம்மா எனக்குக் காலில் சுற்றுவாள் என்று சொல்லிச் சிரித்தார் அவர். சிரித்துவிட்டு, தீப்பிடிக்கும், எடுத்துவிடுங்கள் என்று அதையும் குறையில் எழுதினார். நான் அவிழ்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

டிக்கியில் ஒரு மரக்கட்டை கிடந்தது. மேட்டில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கீழே வைக்கிற ஆப்புக்கட்டை, சில்வர் ஓக் மரத்தில் அப்பாவே செதுக்கியது. அதை மட்டும் எடுத்துப் பார்த்து, இது சரியாக இருக்கிறது என்றார். அந்த வண்டியில் ஜெர்மனி முதல் தடவையில் பாஸ் பண்ணியது அந்தக் கட்டை ஒன்றைத்தான்.

ஆகஸ்டில் இரண்டாவது தடவை. விளக்கு, பெல்ட் எல்லாம் போட்டுக் கொண்டுபோனேன். காகிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்து கராஜில் போய் உட்கார்ந்துகொண்டேன். நிம்மி அப்போதே ரயில் டிக்கெட் விசாரித்துவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்து என்பதை ஞாபகப்படுத்தியதும் அவர்தான். இங்கிலாந்தில் அதே உடம்போடு ஓடிய பழைய காருக்கு இங்கே ரசிகர்கள் ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். அவர்களிடம் காகிதம் இருந்தது. செப்டம்பர் கடைசியில் மூன்றாவது தடவை போனேன். மீசைக்காரர் காகிதத்தையும் வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிரேக்கை அழுத்தச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சந்தோஷத்தில் அவரை மறுபடி நீ என்றுதான் கூப்பிட்டு நன்றி சொன்னேன். அவர் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து நம்பர் பிளேட்டை மேஜை மேல் வைத்தேன். நிம்மி அதைப் பார்த்துவிட்டு அவள் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அட்டைப்பெட்டிகளை ஒட்டுகிற சத்தம் கேட்டது.

6

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஊரை விட்டுக் கிளம்பியது எழுபத்தைந்து டிசம்பரில். மிஷன் வழியாக நர்ஸ் படிப்புக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்திருந்தது. காலையில் சேலம் ஜங்ஷனில் ரயில். அன்றைக்கு என்று பனி அப்படி இறங்கியிருந்தது. புதுப் புடவை, தலையில் பூ, காலில் முதல் முதலாக ஷூ. அந்தக் கோலத்தில் தலையை வெளியே நீட்டி, அடிவாரம் வரைக்கும் "இருக்குங்க, இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். ஜங்ஷனில் அப்பா என் ஈரத்தலையைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். போய்ட்டு வா கண்ணு என்றார்.

அவர் எப்படித் திரும்பி மலை ஏறியிருப்பார் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவேயில்லை. ரயில், மெட்ராஸ், பிளேன் என்று என் தலைக்குள் ஆயிரம். அதற்கப்புறமும் தோன்றவில்லை. நிம்மிக்கு ஒன்பது வயசாக இருக்கும்போது லீவுக்குப் போயிருந்தோம். கிளியூர் அருவியிலிருந்து திரும்பும்போது பனி பிடித்துக்கொண்டது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், முன்னால் நிம்மி. அப்பா அவளுக்கும் அதே மரியாதைதான். "ஏனுங்க நிம்மி, இருக்குங்களா?" அவள் சிரிக்கவில்லை. தலையை வெளியே விட்டுக்கொண்டு கல் கல்லாகப் பார்த்து, இருக்குங்க, இல்லீங்க, வருதுங்க என்று தாத்தாவின் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் கேட்டாள். அம்மா ஜெர்மனிக்குப் போன அன்றைக்கு, திரும்பி வரும்போது இந்த சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் தாத்தா என்று.

அப்பா இன்னும் பனியிலேயே இருந்த மாதிரி அவளுக்குப் பதில் சொன்னார். "யாருமில்லீங்க சாமி. பனி நொம்ப இருந்துச்சுங்க. அடிவாரத்துலயே வண்டிய நிறுத்திட்டு உக்காந்துட்டேனுங்க."

எவ்வளவு நேரம் என்று நான் கேட்டேன். அவர் வண்டிக் கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனார். சேவியர்தான் பிறகு சொன்னான், அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது என்று. மதியத்துக்கு மேல் மலையில் பனியே இல்லையாம்.

7

நேற்று காலையில் பெட்டிகளை ஏற்றினோம். என் வீட்டுக்காரருக்கு வேலை. வேலை இல்லாவிட்டாலும் அவர் அதில் ஏறியிருக்க மாட்டார். நிம்மி இடது சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு, காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தாள். இங்கே அது டிரைவர் உட்காருகிற பக்கம். எதிரே வந்த காரில் இருந்தவர்கள், ஸ்டியரிங் இல்லாமல் பத்திரிகை படித்துக்கொண்டு ஒரு பெண் கார் ஓட்டுவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நிம்மி பத்திரிகையை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

மலை ஏற ஆரம்பித்ததும் மூட்டம் வந்தது. ஏற்காட்டுப் பனி அளவுக்கு இல்லை, ஆனாலும் பனிதான். அந்த நேரம் பார்த்து முன்னால் அந்த மரலாரி. உரித்த மரங்களை அடுக்கி, கடைசி மரத்தின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. நடை வேகம்தான். இங்கே ரோட்டோரம் என் பக்கம், அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் லாரியைத் தாண்ட இடது பக்கம் ஏற வேண்டும், அங்கே எதிரே வண்டி வருகிறதா என்று வலது சீட்டிலிருந்து தெரியவே தெரியாது. வண்டியின் மூக்கைக் கொஞ்சம் வெளியே விட்டேன். எதிரேயிருந்து பெரிய ஹாரன். வெடுக்கென்று உள்ளே இழுத்தேன். எங்களுக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். நிம்மியிடம் கேட்கலாம். கேட்கவில்லை. வாயைத் திறக்காதே என்று சொன்னவளிடம் என்ன கேட்பது என்று ஒரு வீம்பு.

இன்னொரு தடவை வெளியே எட்டி, இன்னொரு தடவை உள்ளே வந்தேன். பக்கத்தில் பத்திரிகை மடிக்கிற சத்தம். வாக்மேனைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்ணாடியை இறக்கினாள். குளிர் முகத்தில் அடித்தது. தலையை வெளியே நீட்டினாள்.

"இல்லீங்க," என்றாள்.

பத்து வருஷமாக அந்த வாயிலிருந்து நான் கேட்காத குரல். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இருக்குங்களா?" என்றேன்.

"இல்லீங்க. வருதுங்க. நில்லுங்க." ஒரு வேன் சர்ரென்று தாண்டிப் போனது. "இன்னொன்னு வருதுங்க." அதுவும் போனது. அவள் இன்னும் கொஞ்சம் வெளியே நீண்டாள். "இருக்குங்க. போலாமுங்க."

வழி இருந்தது. ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்திருந்தால் தாண்டியிருக்கலாம். தாண்டினால் வாக்மேன் காதுக்குப் போய்விடும். நான் மிதிக்கவில்லை.

"போலாமுங்கம்மா," என்றாள் மறுபடி.

பயமாக இருக்கிறது கண்ணு, அடுத்ததில் போகலாம் என்றேன். சேலம் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துக்கு நடுவிலேயே வண்டியைப் பின்னால் எடுக்கிறவருக்குப் பிறந்தவள் நான். இந்த மலையில் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். எனக்கு என்ன பயம்? ஆனாலும் சொன்னேன். அவள் ஒரு தடவை தலையை உள்ளே இழுத்து என் முகத்தைப் பார்த்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடி வெளியே எட்டினாள்.

உச்சி வரைக்கும் அப்படியே போனோம். வருதுங்க, இல்லீங்க, இருக்குங்க, போலாமுங்க. இடையில் தெரியாத வார்த்தைக்கு ஜெர்மன் போட்டுக் கடைசியில் ஒரு ங்க ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை வழி இருந்தபோதும் நான் ஒரு சாக்குச் சொன்னேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து மாய்ந்தார்கள். உச்சியில் லாரி தானாகவே மர ஆலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அது போவதைப் பார்த்து வருத்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மலைக்கு அந்தப்பக்கம் பளிச்சென்று வெயில். பனி இருந்த சுவடே இல்லை, வானம் கழுவி விட்ட மாதிரி கிடந்தது. அவள் தெருவைத் தேடிப் பிடித்துப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றினோம். அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை. ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டும் என்றேன். வாங்கிக்கொள்கிறேன் என்றாள், ஜெர்மனில். அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை. இறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். பக்கத்து சீட்டில் அவள் தலையிலிருந்து சொட்டிய ஈரம் இன்னும் காயவில்லை.

நிம்மி பின்னாலேயே இறங்கி வந்தாள். என் பக்கத்துக் கண்ணாடியில் கையை ஊன்றிக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

"பனி நொம்ப இருக்குங்கம்மா," என்றாள்.

நான் சாவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.